பாடகர் குழுவில் இடம்பெறாத மாணவி
எல்லா பிற்ஸ்ஜெரல்ட் அம்மையாரின் வாழ்வும் இசையும்

பெண்பிள்ளைகள் பாடசாலை ஒன்றில் இருந்தும், அதன் பாடகர் குழுவில் ஒருநாளேனும் நிற்க விடப்படாத ஒரு மாணவியைப் பற்றி இங்கே எழுதுகிறோம். நம் அதிபர்களையும் ஆசிரியைகளையும் பற்றிய கட்டுரைகள் இம்மலரின் பிற பக்கங்களை அணிசெய்கின்றன. மேற்கத்திய இசைக்கென ஒதுக்கிய பக்கங்களுக்கு என்ன எழுதலாம் என்று மலர்க்குழுவினர் கேட்டபோது, பழைய பாடகர் குழுவைச் சேர்ந்த சிலர் கூடிப் பேசினோம். நம்மில் ஒருவர் எல்லா பிற்ஸ்ஜெரல்டின் பெயரைச் சொன்னார். மறுபேச்சு இருக்கவில்லை. விடுதியில் இரவுப் படிப்பு மணி முடிந்தபின், சிறிய வானொலிப் பெட்டி ஒன்றைத் தலையணைக்கடியில் வைத்து, இலங்கை வானொலி ஆங்கிலச் சேவையில் அந்தக் குரலைக் கேட்டவர்கள் நாம். விடுதிக்குள் வானொலி கொண்டுவரத் தடை இருந்தது. இத்தனை ஆண்டுகளின் பின் அதைச் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறோம்.

பெயரைப் பற்றி ஒரு சொல். தமிழில் எழுதும்போது அது 'எல்லா' என்று வந்து, அடுத்த சொல்லை எதிர்பார்த்து நிற்பதுபோல் தோன்றும். வாசகிகள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எல்லா 1917ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் திகதி அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்தில், நியூபோர்ட் நியூஸ் என்ற துறைமுக நகரில் பிறந்தார். தந்தை வில்லியம் பிற்ஸ்ஜெரல்ட் விரைவிலேயே குடும்பத்தைப் பிரிந்தார். தெற்கிலிருந்த கறுப்பின மக்கள் வேலையும் சற்று நிம்மதியும் தேடி இலட்சக்கணக்கில் வடக்கே புறப்பட்ட காலம் அது. தாய் டெம்பியும் தம் புதிய துணைவர் ஜோசப் டா சில்வாவுடன் மகளை அழைத்துக்கொண்டு நியூயோர்க் மாநிலத்தின் யோங்கர்ஸ் நகருக்குக் குடிபெயர்ந்தார். டா சில்வா போர்த்துக்கல்லிலிருந்து வந்தவர். அந்தப் பெயரைக் கண்டவுடன் நம்மூரவர் என்று எண்ணிய ஒரு தோழியை நாம் திருத்த வேண்டியிருந்தது. 1923இல் தங்கை பிரான்சஸ் பிறந்தார்.

தாய் சலவைக்கூடத்தில் உழைத்தார். எல்லா படிப்பில் கெட்டிக்காரி. ஞாயிறு தோறும் மெதடிஸ்த ஆலயத்துக்குப் போய் அங்கு பாடினார். ஆனால் பாடகியாக வேண்டும் என்ற எண்ணம் அப்போது அவருக்கு இருக்கவில்லை. ஆடவே விரும்பினார். தெருமுனையிலும் பாடசாலை முற்றத்திலும் ஆடிக் காட்டுவார். புதிய ஆட்டங்களைப் பார்த்து வரத் தோழர்களோடு ரயிலேறி ஹார்லெமுக்குப் போவார். பாட்டு அவருக்கு வீட்டிலிருந்த இசைத்தட்டுகள் வழியாக வந்தது. நியூ ஓர்லியன்ஸிலிருந்து வந்த பொஸ்வெல் சகோதரிகளில் ஒருவரான கொனி பொஸ்வெல்லின் குரல்தான் அவருக்குப் பிடித்தது. அதைப்போலவே பாடிப் பழகினார். சிறுவயது நோயினால் நடக்கமுடியாத கொனி, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே பாடி உலகப் புகழ்பெற்றவர். 

1932இல் தாய் இறந்தார். எல்லாவுக்கு அப்போது 15 வயது. சிறிது காலத்தின்பின் சிறிய தாயார் ஒருவர் அவரை ஹார்லெமுக்கு அழைத்துச் சென்றார். நல்ல புள்ளிகள் பெற்றுவந்த பிள்ளை பாடசாலைக்குப் போவதை விட்டது. சூதாட்டக்காரருக்குச் சீட்டுக் கொண்டு திரிந்தது. தகாத விடுதி ஒன்றின் வாசலில் பொலிஸ் வருகிறதா என்று பார்த்துச் சொல்லும் வேலையும் செய்தது. பிடிபட்டபோது முதலில் அநாதை இல்லத்துக்கும், பின்னர் ஹட்சன் நகரிலிருந்த அரசாங்கப் பெண்கள் பயிற்சிப் பாடசாலைக்கும் அனுப்பப்பட்டார். பாடசாலை என்பது பெயர். உண்மையில் அது சீர்திருத்தச் சிறை.

அங்கே 17 குடில்கள் இருந்தன. கறுப்பினப் பிள்ளைகள் யாவரும், மிக நெருக்கமும் பாழடைந்த நிலையுமாயிருந்த இரண்டு குடில்களுக்குள் ஒதுக்கப்பட்டிருந்தனர் எனவும், ஆண் ஊழியர்களால் அடிக்கப்பட்டனர் எனவும் 1936இல் அரசாங்க விசாரணை ஒன்று பதிவுசெய்தது. எல்லா அங்கிருந்தது அதற்குச் சற்று முன்னர். அவருக்கு ஆங்கிலம் கற்பித்த ஆசிரியை ஒருவர், அறுபது ஆண்டுகளின் பின்னும் அந்த மாணவியின் கையெழுத்தை மறக்கவில்லை. எதையும் பிழையின்றிச் செய்ய முயலும் பிள்ளை என்று நினைவுகூர்ந்தார். அப்பாடசாலையில் நல்ல இசைக் கல்வியும் இருந்தது, பாடகர் குழுவும் இருந்தது. குழுவில் வெள்ளைப் பிள்ளைகள் மட்டுமே. எனவே, பின்னாளில் இந்த உலகம் எழுந்து நின்று கைதட்டிய குரல் அதே வளவுக்குள் இருந்தும், அக்குழு அது இல்லாமலே பாடிக்கொண்டிருந்தது. ஊரிலிருந்த கறுப்பின மக்களின் ஆலயத்தில், தம்மைப் போன்ற வேறு பிள்ளைகளோடு பாட மட்டும் எல்லாவுக்குச் சில தடவை வாய்த்தது.

இந்த இடத்தில் நாம் சற்று நின்றோம். நம் கல்லூரிப் பாடகர் குழு யாருடைய நிறத்தையும் பார்த்ததில்லை. ஆனால் ஆங்கில உச்சரிப்பைப் பார்த்தது. கரோல் ஆராதனைக்கு வெள்ளைச் சப்பாத்தும் வெள்ளைச் சேலையும் வாங்க வீட்டில் வசதி உண்டா என்று, கேளாமலே கேட்டது. குரல் சோதனையில் தேறியும் மறுவாரம் பெயர்ப்பட்டியலில் இல்லாமற்போன பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் இருந்தார்கள். ஒரு பிள்ளை வரிசையில் நிற்கலாம், வாயை மட்டும் அசைக்கலாம் என்று சொல்லப்பட்டாள். அவள் பக்கத்தில் நின்று பாடியவர்கள் நம்மில் இருக்கிறோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நூற்றாண்டு மலரில் இதை எழுதத்தான் வேண்டுமா என்று நமக்குள் பெரிய வாக்குவாதம் ஏற்பட்டது. எழுதுவதென்று முடிவாயிற்று.

1934ஆம் ஆண்டின் பிற்பகுதியில் எல்லா ஹார்லெம் தெருக்களில் இருந்தார். நிலையான வீடில்லை, மாற்றுடை இல்லை. அப்பலோ அரங்கில் புதியவர்களுக்கான போட்டி நடைபெற்று வந்தது. அங்கு கூடுவோர் இரக்கம் பாராதவர்கள். பிடிக்காவிட்டால் கூச்சலிட்டே மேடையைவிட்டு இறக்கிவிடுவார்கள். நவம்பர் 21ஆம் திகதி, 17 வயது எல்லா அங்கு ஆடுவதற்காகப் போனார். ஆனால் அவருக்கு முன்னர் ஆடிய எட்வேர்ட்ஸ் சகோதரிகளின் ஆட்டத்தைப் பார்த்ததும், அதன்பின் தாம் ஆடினால் சிரிப்பார்கள் என்று விளங்கிவிட்டது. மேடைக்குப் போயாயிற்று, ஏதாவது செய்தாக வேண்டும். கொனி பொஸ்வெல்லின் இசைத்தட்டில் கேட்டுப் பழகிய பாடலைப் பாடினார். சபை இன்னொன்று கேட்டது. முதற் பரிசு 25 டொலர் கிடைத்தது. பரிசோடு சேர்த்து, ஒரு வாரம் அவ்வரங்கில் பாடும் வாய்ப்பும் கொடுபட்டிருக்க வேண்டும். அவரது கோலத்தைக் கண்டு அதைக் கொடுக்காமல் விட்டனர்.

சிக் வெப் என்ற மேளக் கலைஞர் அவரைக் கண்டது அடுத்த ஆண்டு. வெப்பைப் பற்றிச் சிறிது சொல்லாமல் போகமுடியாது. பிள்ளைப் பருவத்தில் முதுகெலும்பில் காசநோய் தாக்கி வளர்ச்சி நின்றவர். கூனல் முதுகு, சிறுவனின் உயரம். உயர்ந்த மேடையில், அவர் காலுக்கென்றே செய்த மிதிகட்டைகளோடு, மேளங்களுக்குப் பின்னால் தலை மட்டும் தெரிய அமர்ந்திருப்பார். ஆனால் ஹார்லெமின் சவோய் நடன மண்டபத்தில் அவரது வாத்தியக் குழுவோடு போட்டிக்கு வரப் பெரிய குழுக்களும் அஞ்சின. அழகான பாடகி வேண்டும் என்றிருந்த வெப்புக்கு, கலைந்த தலையும் பழைய உடுப்புமாக வந்த இந்தப் பிள்ளையைப் பார்த்ததும் மனமில்லை. குழுவினர் வற்புறுத்தவே, யேல் பல்கலைக்கழக நடன விழாவில் ஒருநாள் பாடவைத்துப் பார்ப்போம் என்றார். மாணவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. வாரம் 12.50 டொலருக்கு எல்லா வேலையில் அமர்ந்தார். அதே யேல் பின்னாளில் அவருக்குக் கௌரவ கலாநிதிப் பட்டம் வழங்கியது.

வெப் அவரைச் சட்டப்படி தத்தெடுத்தார் என்ற கதை பலவிடங்களில் எழுதப்பட்டிருக்கிறது. அது உண்மையல்ல. ஆயினும் மேடையில் எப்படி நிற்பது, தாளத்துக்குள் எப்படி இருப்பது, பாட்டை எங்கே விட்டுக்கொடுப்பது என்பவற்றை எல்லா கற்ற பாடசாலை அதுதான். ஹட்சனில் கிடைக்காதது சவோயில் கிடைத்தது.

1938இல், கூடையைத் தொலைத்த சிறுமியைப் பற்றிய பழைய விளையாட்டுப் பாட்டொன்றை நடன இசையாக்கினால் என்ன என்று எல்லாவே யோசனை சொன்னார். 'எ டிஸ்கெட் எ டாஸ்கெட்' என்ற அந்த இசைத்தட்டு அமெரிக்கா எங்கும் முதலிடத்துக்கு வந்தது. 21 வயதில் நாடறிந்த பெயராகிவிட்டார். மறு ஆண்டு ஜூன் 16ஆம் திகதி வெப் இறந்தார். இறுதிச் சடங்கில் எல்லா பாடினார். பின்னர் குழு அவர் பெயரில் இயங்கத் தொடங்கியது. ஆண்களே நிறைந்த வாத்தியக் குழு ஒன்றின் முன்னால், 22 வயது நிரம்பிய பெண். 1942 வரை அதை நடத்தினார்.

அதன் பின்னர் இசை மாறியது. போர்க்காலத்தில் பெரிய குழுக்கள் உடைந்தன. டிசி கிலெஸ்பி போன்ற இளைஞர்கள் பீபொப் என்ற வேகமும் சிக்கலுமான இசையைக் கொண்டுவந்தனர். பழைய பாடகிகள் பலர் ஒதுங்கிவிட, எல்லா அந்த இளைஞர்களோடு ஊரூராகப் பயணம் செய்து, எக்காளமும் சக்சபோனும் செய்வதைத் தம் குரலால் செய்யப் பழகினார். சொற்களை விட்டுவிட்டு, பொருளில்லாத ஒலிகளைக் கொண்டு அந்தந்தக் கணத்தில் புதிதாகக் கட்டிப் பாடும் முறை அது. ஸ்காட் என்பார்கள். நம் வாசகிகளுக்கு இதை விளக்குவது கடினமல்ல. சங்கீத அறையில் கற்பனாசுரம் பாடப் பயந்து ஒளிந்தவர்களுக்கும், கொன்னக்கோல் கேட்டுத் தொடையில் தாளம் போட்டவர்களுக்கும் இரண்டு நிமிடத்தில் விளங்கிவிடும். இலக்கணம் வேறு, துணிச்சல் ஒன்றே. 1947இல் அவர் பதிவுசெய்த 'லேடி பி குட்' என்ற பாடலைக் கேட்டுப் பாருங்கள். அடுத்து எங்கே போகப் போகிறார் என்று நாம் ஊகிக்குமுன் அவர் போய்த் திரும்பி வந்து நிற்பார்.

குடும்ப வாழ்வு நீடிக்கவில்லை. முதல் திருமணம் சட்டப்படி செல்லாததாக்கப்பட்டது. 1947இல் வாத்தியக் கலைஞர் ரே பிரவுணை மணந்தார். தம் தங்கையின் மகனைத் தத்தெடுத்து வளர்த்தனர். 1953இல் மணமுறிவு. ஆண்டில் பெரும்பகுதி பயணத்திலேயே கழிந்ததால் பிள்ளையை வளர்த்தது பெரும்பாலும் உறவினர்தான். பாடகிகளின் வாழ்க்கை வரலாறுகளில் இந்த வரி தவறாமல் வருகிறது. பாடகர்களின் வரலாறுகளில் எவரும் கவனித்து எழுதுவதில்லை.

நோர்மன் கிரான்ஸ் என்ற இசை நிகழ்ச்சி அமைப்பாளர் அவரது வாழ்வில் வந்தது 1940களின் இறுதியில். கிரான்ஸ் ஒரு நிபந்தனை வைத்திருந்தார்: தம் நிகழ்ச்சிகளில் கறுப்பரும் வெள்ளையரும் கலந்தே அமர வேண்டும், இல்லையேல் நிகழ்ச்சி இல்லை. 1955 ஒக்டோபரில் டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரில் அவ்வாறே சபையைக் கலந்து அமர்த்தினார். முதற் காட்சி நடந்துகொண்டிருக்கையில் பொலிஸார் உடைமாற்றும் அறைக்குள் புகுந்தனர். கிலெஸ்பியும் இன்னொருவரும் பகடை உருட்டிக்கொண்டிருந்தனர். எல்லா ஒரு மூலையில் இனிப்பு உண்டு கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். சூதாடியதாக எல்லோரையும், எல்லாவின் உதவியாளரையும் சேர்த்து, பொலிஸ் நிலையம் கொண்டுபோயினர். அங்கே ஓர் அதிகாரி அவரிடம் கையொப்பம் கேட்டாராம். பிணையில் வந்து இரண்டாவது காட்சியில் பாடினார். வழக்கு பின்னர் கைவிடப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டில் அவுஸ்திரேலியாவுக்குப் பாடப் போகும் வழியில், முதலாம் வகுப்புச் சீட்டு வைத்திருந்தும், ஹொனலூலுவில் அவரையும் உடன் சென்றோரையும் விமானத்தில் ஏறவிடவில்லை. மறியல், கோஷம் ஒன்றும் செய்யாத கூச்ச சுபாவமுள்ள இப்பெண், பான் அமெரிக்கன் நிறுவனத்தின் மேல் வழக்குத் தொடுத்தார். ஈற்றில் வழக்கு இணக்கமாகத் தீர்க்கப்பட்டது.

ஹொலிவூட்டின் மொகம்போ விடுதியில் அவர் 1955இல் பாட வழிவகுத்தவர் நடிகை மரிலின் மன்றோ என்று எல்லாவே பின்னாளில் நன்றியோடு சொல்லிவந்தார். இக்கதை கைமாறிக் கைமாறி அலங்காரம் பெற்றுவிட்டதால், இவ்வளவோடு நிறுத்துகிறோம்.

1956இல் கிரான்ஸ் வேர்வ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தை எல்லாவை மனதில் வைத்தே தொடங்கினார். அங்கு வெளிவந்த எட்டுப் 'பாடற் புத்தகங்கள்' அவரை உலகத்தின் பாடகியாக்கின. கோல் போர்ட்டர் முதலில். பிறகு ரொஜர்ஸும் ஹார்ட்டும், டியூக் எலிங்டன், ஏர்விங் பேர்லின், கேர்ஷ்வின் சகோதரர்கள், ஹரோல்ட் ஆர்லன், ஜெரோம் கேர்ன், 1964இல் ஜொனி மேர்சர் என ஒவ்வொரு பாடலாசிரியருக்கும் தனித்தனித் தொகுதி. கேர்ஷ்வின் தொகுதி மட்டுமே ஐந்து இசைத்தட்டுகள். நாடகங்களுக்கும் படங்களுக்குமென எழுதப்பட்டுச் சிதறிக் கிடந்த பாடல்கள் ஒரு குரலில் சேர்ந்தபோது, அவை ஒரு நாட்டின் இலக்கியம் என்று அந்த நாடே உணர்ந்தது. 1959இல் முதன்முதலாகக் கிராமி விருதுகள் வழங்கப்பட்டபோது எல்லா இரண்டைப் பெற்றார். அவ்விருதைப் பெற்ற முதலாவது கறுப்பினப் பெண் அவரே. வாழ்நாளில் 13 கிராமி விருதுகள் அவருக்குக் கிடைத்தன.

விமர்சகர் சிலர் ஒரு குறை சொல்வதுண்டு. பில்லி ஹொலிடேயின் குரலில் கேட்கும் துயரம் எல்லாவிடம் இல்லை. அழவேண்டிய பாட்டையும் அவர் மலர்ச்சியோடு பாடிவிடுகிறார் என்பது அது. இது குறைதானா என்பதில் நம்மிடையே ஒருமித்த கருத்து இல்லை. நம்மில் ஒருவர் இன்றும் ஹொலிடே கட்சி. ஆனால் ஹட்சனைப் பற்றித் தெரிந்தபின் அந்த இசைத்தட்டுகளை மறுபடி கேட்டோம். 15 வயதில் அந்தக் குடிலைக் கண்டவருக்குத் துயரம் தெரியாது என்று இனி எம்மால் சொல்லமுடியவில்லை. தெரிந்தும் அதைப் பாட்டுக்குள் வர விடவில்லை என்றே நினைக்கிறோம்.

1960 பெப்ரவரி 13ஆம் திகதி மேற்கு பேர்லினில் நடந்ததையும் சொல்லவேண்டும். ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில், 'மாக் த நைவ்' என்ற பாடலின் நடுவே எல்லாவுக்கு வரிகள் மறந்துவிட்டன. பரிசளிப்பு விழா மேடையில் இரண்டாம் சரணம் மறந்து, பியானோ வாசிக்கும் ஆசிரியையின் முகத்தைப் பார்த்து நின்ற அனுபவம் நம்மிற் பலருக்கு உண்டு. எல்லா நிற்கவில்லை. வரிகள் மறந்துவிட்டன என்பதையே தாளம் தவறாமல், எதுகையோடு கட்டிப் பாடினார். முன்னர் அப்பாடலைப் பாடியவர்களின் பெயர்களை இழுத்தார், லூயி ஆம்ஸ்ட்ரோங்கின் கரகரத்த குரலைப் போலச் செய்தார், ஒருவாறாகக் கரைசேர்ந்தார். அந்தப் பிழை அப்படியே இசைத்தட்டாக வந்து கிராமி விருதையும் பெற்றது.

புகழ் உச்சியிலும் கூச்சம் போகவில்லை. பேட்டி கொடுக்கப் பின்வாங்குவார். ஒவ்வொரு முறையும் மேடையேறுமுன் நடுங்குவார். நீரிழிவு அவரது கண்களை வாட்டியது. தடித்த கண்ணாடியோடு பாடினார். 1986இல் இருதய சத்திரசிகிச்சைக்குப் பின்னரும் மேடைக்குத் திரும்பினார். 1987இல் அமெரிக்காவின் தேசியக் கலைப் பதக்கமும், 1992இல் ஜனாதிபதியின் சுதந்திரப் பதக்கமும் கிடைத்தன. 1991இல் நியூயோர்க் கார்னெகி மண்டபத்தில் பாடினார். 1993இல் நீரிழிவினால் இரு கால்களும் முழங்காலுக்குக் கீழே அகற்றப்பட்டன. ஆட விரும்பி மேடையேறிய பிள்ளை, கொனி பொஸ்வெல்லைப் போலச் சக்கர நாற்காலிக்கு வந்து சேர்ந்தார். பெவெர்லி ஹில்ஸ் வீட்டின் தோட்டத்தில், மகனோடும் பேத்தியோடும் கடைசி நாட்கள் கழிந்தன. 1996 ஜூன் 15ஆம் திகதி, 79 வயதில் காலமானார்.

ஹட்சனைப் பற்றி அவர் வெளியே பேசியதில்லை. அவர் மறைந்து சில நாட்களில் நியூயோர்க் நாளிதழ் ஒன்றில் வந்த கட்டுரையாற்றான் உலகம் அதை அறிந்தது. அப்பாடசாலையின் கடைசித் தலைமை அதிகாரி, புகழ்பெற்ற பழைய மாணவி என்ற முறையில் எல்லாவைக் கௌரவ விருந்தினராக அழைக்க விரும்பியிருந்தார். அவர் வரமாட்டார் என்று தெரியவந்தது. அந்த இடத்தை வெறுத்தார். குடிலொன்றின் நிலவறையில் அடைத்து வைத்து வதைக்கப்பட்டவர் அவர். பாடசாலை 1970களில் மூடப்பட்டது. அவ்வளவு பின்னர் வளர்ந்தோருக்கான சிறைச்சாலையாயிற்று.

நமது நூற்றாண்டு விழாவுக்கு அனுப்பிய அழைப்புகளில் பதில் வராதவை நிறைய உண்டு. முகவரி மாறியிருக்கும், கடல் கடந்து போயிருப்பார்கள், வயதாகியிருக்கும் என்று காரணம் சொல்லிக்கொண்டிருந்தோம். இக்கட்டுரையை எழுதும்போது அந்தப் பட்டியலை மறுபடி எடுத்து, பெயர் பெயராகப் பார்த்தோம். வரிசையில் நின்று வாயை மட்டும் அசைத்த அந்தத் தோழியின் பெயரும் அதில் இருந்தது. அவருக்குக் கையால் ஒரு கடிதம் எழுதியிருக்கிறோம்.

விழா நாளன்று பிற்பகல், பழைய இசை அறையில் எல்லாவின் பேர்லின் இசைத்தட்டை ஒலிக்கவிட ஏற்பாடு செய்திருக்கிறோம். தேநீர் உண்டு. பாடகர் குழுவில் இருந்தவர்களும் வரலாம், இல்லாதவர்களும் வரலாம்.